கேட்டவர், மறுத்தவர், எழுதியவர்: தொடக்ககால அமெரிக்க நீதிபதி நியமனங்களும் கடிதங்களும்

1. ஒரு விண்ணப்பம்

1789 ஏப்ரல் 21. ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராகப் பதவியேற்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. புதிய அரசமைப்பு ஓர் உச்ச நீதிமன்றம் இருக்கும் என்று சொன்னதோடு நின்றுவிட்டது. எத்தனை நீதிபதிகள், எப்போது கூடுவார்கள், என்னென்ன வழக்குகளைக் கேட்பார்கள் என்பதை வரையறுக்கும் சட்டம் ஐந்து மாதம் கழித்தே வந்தது. இல்லாத அந்த நீதிமன்றத்தின் தலைமைப் பதவியைக் கேட்டு அன்று பிலடெல்பியாவிலிருந்து ஒருவர் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். அவர் ஜேம்ஸ் வில்சன். விடுதலைப் பிரகடனம், அரசமைப்பு இரண்டிலும் கையெழுத்திட்ட சிலருள் ஒருவர். அக்காலத்தின் சிறந்த சட்ட அறிஞர்களில் ஒருவராகக் கருதப்பட்டவர். நியூயார்க் போகும் வழியில் முந்தைய நாள்தான் வாஷிங்டன் பிலடெல்பியாவில் தங்கியிருந்தார். இருந்தும் வில்சன் இதைக் கடிதமாகவே எழுதினார்.

அந்தக் கடிதத்தில் கவனிக்கத்தக்கது அவர் சொல்லும் காரணம். ஒருவரை நீதிபதியாக முன்மொழிந்த பிறகு அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் புதிய அரசின் மானம் போகும். எனவே, யார் ஏற்பார், யார் மறுப்பார் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள அதிபர் விரும்பக்கூடும். அந்த ஐயத்தைத் தீர்க்கவே எழுதுகிறேன் என்கிறார். தன் புகழைத் தானே எழுதும் வழக்கம் தனக்கில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். மே 9 அன்று வாஷிங்டன் பதில் எழுதினார். யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காமலேயே பதவிக்கு வந்திருப்பதாகவும், பாரபட்சமற்ற ஆட்சியாளருக்கு உரிய அந்தச் சுதந்திரத்தை இழக்க விரும்பவில்லை என்றும் அதில் சொன்னார். செப்டம்பரில் வில்சனுக்குக் கிடைத்தது இணை நீதிபதிப் பதவி. தலைமைப் பதவி நியூயார்க்கின் ஜான் ஜேவுக்குப் போனது.

நீதிபதியை அதிபர் முன்மொழிவார், செனட் ஆலோசனையும் ஒப்புதலும் தரும் என்கிறது அரசமைப்பு. இந்த இரண்டு படிகளுக்கும் முன்னும் பின்னும் இடையிலும் கடிதங்கள் இருந்தன. அவை நியமனத்தைச் சுற்றிக் கிடந்த வெறும் தாள்களா, அல்லது நியமனம் உண்மையில் நடந்த இடமே அவைதானா? இக்கட்டுரை ஆராய்வது அந்தக் கேள்வியைத்தான். 1789 முதல் 1811 வரையிலான சில நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2. ஆதாரமும் இருவேறு வாசிப்புகளும்

இக்காலத்தைப் பற்றிப் பொதுவாக வழங்கிவரும் கதை ஒரு வீழ்ச்சிக் கதை. வாஷிங்டன் கட்சி பாராமல் தகுதியை மட்டும் பார்த்தார். தேர்தலில் தோற்றுப்போன அதிபர் ஜான் ஆடம்ஸ் 1801இல் பதவி விலகும் முன் தன் கட்சியினரைக் கொண்டு நீதிமன்றங்களை நிரப்பினார். அன்றிலிருந்து நீதிபதி நியமனத்தில் அரசியல் புகுந்தது என்பது அந்தக் கதை. இதற்கு எதிர்வாசிப்பும் உண்டு. வாஷிங்டன் தேர்ந்தெடுத்த அனைவரும் புதிய அரசமைப்பை ஆதரித்தவர்கள். மூவர் வட மாநிலத்தவர், மூவர் தென் மாநிலத்தவர். ஆக, அரசியல் முதல் நாளிலேயே இருந்தது என்பது அந்த வாசிப்பு.

இரண்டில் எது சரி என்பதைச் சட்ட நூல்களைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியாது. மேவா மார்கஸின் தலைமையில் 1985 முதல் 2007 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த உச்ச நீதிமன்ற ஆவண வரலாறும், 2013இல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் திறந்துவைத்த கடிதத் தொகுப்பும் இப்போது எவர் கைக்கும் எட்டுகின்றன. ஒரு நியமனத்தைப் பற்றி யார் யாருக்கு, எந்த நாளில், எதை எழுதினார் என்பதை வரிசைப்படுத்திப் பார்க்க இவை வழிசெய்கின்றன. இந்த ஆதாரத்துக்கு ஒரு குறையும் உண்டு. தலைநகரில் இருந்தவர்கள் நேரில் பேசிக்கொண்டார்கள். தொலைவில் இருந்தவர்களே எழுதினார்கள். ஆகவே கடிதக் குவியலில் தொலைவின் குரல் உரத்துக் கேட்கிறது, அருகாமையின் குரல் கேட்பதே இல்லை. இதை மறந்து படித்தால் மொண்டிசெல்லோ மலைமேல் தன் வீட்டில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன்தான் எல்லாவற்றையும் நடத்தினார் என்று தோன்றிவிடும்.

3. மறுத்துவிடுவாரோ என்ற அச்சம்

1789 செப்டம்பர் 24 அன்று நீதித்துறைச் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டார். அன்றே ஆறு பெயர்களைச் செனட்டுக்கு அனுப்பினார். 26ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது. அந்த அறுவரில் ஒருவர் மேரிலாந்தின் ராபர்ட் ஹேன்சன் ஹாரிசன். போர்க்காலத்தில் வாஷிங்டனின் செயலராக இருந்த நம்பிக்கைக்குரியவர். ஒப்புதல் கிடைத்த பிறகே அவருக்குக் கடிதம் போயிற்று. ஹாரிசன் மறுத்தார். வாஷிங்டன் மீண்டும் எழுதினார்; அலெக்சாண்டர் ஹாமில்டனும் எழுதினார். மனம் மாறி 1790 ஜனவரியில் நியூயார்க்குக்குப் புறப்பட்ட ஹாரிசன் வழியில் பிளேடன்ஸ்பர்க்கில் நோயுற்றார். அங்கிருந்து இறுதி மறுப்பை எழுதி அனுப்பினார், ஏப்ரலில் இறந்தார். அவர் இடத்துக்கு வட கரோலினாவின் ஜேம்ஸ் ஐரெடெல் வந்தார்.

வில்சன் சொன்ன அச்சம் வெறும் சாமர்த்தியப் பேச்சு இல்லை என்பதை இது காட்டுகிறது. அன்றைய உச்ச நீதிமன்ற வேலை இன்று நாம் நினைப்பது போன்ற உயர்ந்த இருக்கை அன்று. இணை நீதிபதிக்கு ஆண்டுக்கு 3,500 டாலர், தலைமை நீதிபதிக்கு 4,000. அதற்கு ஈடாக ஆண்டுக்கு இருமுறை குதிரையிலும் வண்டியிலும் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சுற்று நீதிமன்றம் நடத்த வேண்டும். தென் சுற்றில் விழுந்தவர் சேற்றிலும் வெள்ளத்திலும் காய்ச்சலிலும் வாரக்கணக்கில் அலைந்தார். 1791இல் ஜான் ரட்லெட்ஜ் விலகித் தன் மாநிலத்தின் நீதிமன்றத் தலைமைக்குப் போனார். அந்த இடத்துக்காக வாஷிங்டன் சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி, எட்வர்ட் ரட்லெட்ஜ் ஆகிய இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினார்: உங்களில் யாராவது ஒருவர் ஏற்பீர்களா? இருவருமே மறுத்தனர். பிறகு வந்த தாமஸ் ஜான்சன், சுற்றுப்பயணம் தாளாமல் 1793 ஜனவரியில் விலகினார்.

இந்தக் கட்டத்தில் கடிதத்தின் வேலை, ஆள் பிடிப்பது. பதவி தேடுகிறவனை ஒதுக்கும் நாகரிகமும், கேட்காதவரிடம் கெஞ்ச வேண்டிய தேவையும் ஒரே நேரத்தில் இருந்தன. இரண்டையும் சமாளிக்க நேர்ப்பேச்சைவிடக் கடிதம் ஏற்றதாக இருந்தது. நாகரிகம் குலையாமல் ஒருவரைத் தூண்டவும் முடிந்தது, மறுக்கவும் முடிந்தது.

வாஷிங்டனின் நேர்மைக்கு எடுத்துக்காட்டாக வழக்கமாகச் சொல்லப்படுவது அவர் தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டனுக்கு 1789 ஜூலை 27 அன்று எழுதிய கடிதம். வர்ஜீனியாவின் மத்திய அரசு வழக்குரைஞர் பதவியைக் கேட்டிருந்தார் புஷ்ராட். உன்னைவிட மூத்த, பெயர் பெற்ற வழக்குரைஞர்கள் இருக்கையில் உன்னை நியமிப்பது தகாது. கிரேக்கக் கதையில் வரும் நூறு கண் ஆர்கஸின் பார்வை என் மீது இருக்கிறது. உறவினருக்குச் சலுகை காட்டியதாக ஒரு சொல் வரக்கூடாது என்பது பதிலின் சாரம். இந்தக் கடிதத்தை நான் ஐயத்தோடு பார்க்கவில்லை. ஆனால் அதைப் படிக்கும்போது, ஒன்பது ஆண்டு கழித்து வில்சன் கடன்காரர்களுக்கு அஞ்சி ஓடி வட கரோலினாவில் இறந்தபோது, அவர் இடத்துக்கு ஆடம்ஸ் நியமித்தது இதே புஷ்ராடைத்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலில் அழைக்கப்பட்டவர் ஜான் மார்ஷல். அவர் மறுத்ததால் புஷ்ராட். அவருடைய சட்டத் திறமையை யாரும் மறுக்கவில்லை. அந்தப் பெயருக்கு இருந்த எடையையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

4. ரட்லெட்ஜ்: கேட்டுப் பெற்றதும் இழந்ததும்

1795 ஜூன் 12 அன்று தென் கரோலினாவிலிருந்து ரட்லெட்ஜ் வாஷிங்டனுக்கு எழுதினார். ஜே ஆளுநர் தேர்தலில் வென்றுவிட்டார் என்றும் விலகுவார் என்றும் கேள்விப்பட்டதாகவும், அந்த இடத்தை ஏற்கத் தனக்குத் தடையில்லை என்றும் சொன்னார். வில்சன் செய்ததையே அவரும் செய்தார். இம்முறை வாஷிங்டன் ஜூலை 1 அன்று ஆம் என்றார். செனட் அப்போது கூடியிருக்கவில்லை. எனவே இது தற்காலிக நியமனம்.

வாஷிங்டனின் கடிதம் தெற்கே போய்ச் சேரும் முன்போ அதே வேளையிலோ, ஜூலை 16 அன்று சார்ல்ஸ்டனின் புனித மைக்கேல் ஆலயத்தில் ரட்லெட்ஜ் பேசினார். பிரிட்டனோடு ஜே செய்துவந்த உடன்படிக்கையைக் கடுமையாகத் தாக்கினார். பேச்சு நாளேடுகளில் வந்தது. அதிபரின் அமைச்சர்களும் ஃபெடரலிஸ்ட் கட்சித் தலைவர்களும் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். 1792இல் மனைவி இறந்ததிலிருந்து அவர் மனம் தடுமாறுகிறது, கடனில் மூழ்கியிருக்கிறார் என்ற பேச்சு அந்தக் கடிதங்களில் பரவியது. டிசம்பர் 15 அன்று செனட் 14–10 என்று அவரை நிராகரித்தது. உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டுச் செனட்டால் நிராகரிக்கப்பட்ட முதல் மனிதர் அவர்.

காரணம் உடன்படிக்கையா, உடல்நலமா? அந்த ஆண்டின் கடைசி நாளில் வில்லியம் ஜைல்ஸுக்கு எழுதிய ஜெஃபர்சன், உடன்படிக்கையை எதிர்த்ததைத் தவிர வேறு குறை காட்ட அவர்களால் முடியாது என்று உறுதியாகச் சொன்னார். ஜெஃபர்சன் அப்போது பதவியில் இல்லை; தலைநகரில் இல்லை; உடன்படிக்கையின் எதிரி. அவர் சொல் ஒரு கட்சியின் வாசிப்பு. மறுபக்கம், ரட்லெட்ஜின் மனம் நலிந்திருந்தது என்பதற்கு அந்த நாள்களிலேயே வேறு சான்றும் உண்டு. ஆனால் கால வரிசை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஜூலை 1இல் எவர் கண்ணுக்கும் தடையாகத் தெரியாத நலிவு, ஜூலை 16க்குப் பிறகு எல்லாக் கடிதங்களிலும் ஏறிவிட்டது. நலிவு உண்மையாக இருக்கலாம். அதைப் பயன்படுத்தத் தூண்டியது பேச்சுதான் என்பது என் முடிவு. அரசியல் 1801இல்தான் புகுந்தது என்ற கதை இங்கேயே உடைகிறது.

5. 1801 ஜனவரி: ஓர் அறையும் பல கடிதங்களும்

ரட்லெட்ஜுக்குப் பின் தலைமைக்கு வந்த ஆலிவர் எல்ஸ்வொர்த் தூதராகப் பிரான்சுக்குப் போயிருந்தார். 1800 அக்டோபரில் அங்கிருந்து அவர் எழுதிய விலகல் கடிதம் டிசம்பர் நடுவில் ஆடம்ஸ் கைக்கு வந்தது. ஆடம்ஸ் ஏற்கெனவே தேர்தலில் தோற்றுவிட்டார். ஜேவைக் கேட்காமலேயே டிசம்பர் 18 அன்று அவர் பெயரை முன்மொழிந்தார். மறுநாள் செனட் ஒப்பியது. அன்றே ஜேவுக்கு எழுதினார். பதினோரு ஆண்டு முன் ஹாரிசனிடம் நடந்தது மீண்டும் நடந்தது. நீதிமன்ற அமைப்பே குறையுடையது, அதற்கு உரிய வலிமையும் மதிப்பும் வராது என்று சொல்லி ஜனவரி 2 அன்று ஜே மறுத்தார்.

அடுத்து நடந்ததை நாம் அறிவது பெரும்பாலும் மார்ஷலின் ஒரு கடிதம் வழியே. 1827இல் சக நீதிபதி ஜோசஃப் ஸ்டோரிக்கு அவர் எழுதிய தன்வரலாற்றுக் கடிதம் அது. வெளியுறவுச் செயலராக இருந்த தான் ஜேயின் மறுப்பை ஆடம்ஸிடம் கொண்டுபோனதாகவும், யாரை நியமிப்பது என்று ஆடம்ஸ் கேட்டதாகவும், இணை நீதிபதி பேட்டர்சனைத் தான் சொன்னதாகவும், ஆடம்ஸ் அதை மறுத்துச் சற்று யோசித்துவிட்டு உங்களையே நியமிக்க வேண்டும் என்றதாகவும் அதில் வருகிறது. அழகான காட்சி. அரை நிமிடத்தில் ஒரு நாட்டின் நீதி வரலாறு திரும்புகிறது.

மார்ஷல் பொய் சொன்னார் என்று கருத எந்தக் காரணமும் இல்லை. ஆனால் 26 ஆண்டு கழித்து எழுதிய நினைவுக்கும் அந்த ஜனவரியிலேயே எழுதப்பட்ட கடிதங்களுக்கும் இடைவெளி இருக்கிறது. ஜனவரி 19 அன்று கடற்படைச் செயலர் பெஞ்சமின் ஸ்டாடர்ட் ஆடம்ஸுக்கு எழுதினார்: உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எண்ணிக்கையை ஐந்தாகக் குறைக்கும் மசோதா நகர்ந்துகொண்டிருக்கிறது; அது ஓர் அவையில் நிறைவேறிவிட்டாலும் வெளியிலிருந்து ஒரு தலைமை நீதிபதியைக் கொண்டுவருவது கடினமாகிவிடும். மறுநாளே மார்ஷல் பெயர் செனட்டுக்குப் போனது. அங்கே அது உடனே ஏற்கப்படவில்லை. பேட்டர்சனை விரும்பிய செனட்டர்கள், ஆடம்ஸ் மனம் மாறுவாரோ என்று சில நாள் நிறுத்தி வைத்தார்கள். நியூ ஜெர்சியின் ஜோனதன் டேட்டன் பேட்டர்சனுக்கு எழுதிய கடிதங்கள் இதைச் சொல்கின்றன. 26ஆம் தேதி எலியாஸ் பூடினாட்டுக்கு எழுதிய ஆடம்ஸ், நடுவயதின் முழு வலிமையில் உள்ள, வேலைப் பழக்கமும் புதிய படிப்பும் கொண்ட ஒருவரை முன்மொழிந்திருப்பதாகச் சொன்னார். மார்ஷலுக்கு வயது 45. மறுநாள் செனட் ஒப்பியது. இந்த நாள்களின் கடிதங்களைக் கோத்து அந்த நியமனத்தின் பின்னணியை முதலில் விரிவாக எழுதியவர் கேத்ரின் டர்னர், 1960இல்.

ஆக, ஆடம்ஸின் முடிவில் அறையின் திடீர் எண்ணத்தோடு மசோதாவின் அவசரமும் வயதுக் கணக்கும் சேர்ந்திருந்தன. கணக்கு தப்பவில்லை: மார்ஷல் 34 ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார்.

6. அனுப்பாமல் போன ஆணைகள்

பிப்ரவரி 13இல் புதிய சட்டம் 16 சுற்று நீதிபதிப் பதவிகளை உண்டாக்கியது. 27ஆம் தேதிச் சட்டத்தின் கீழ், தலைநகர மாவட்டத்துக்கு 42 சமாதான நீதவான்களை ஆடம்ஸ் மார்ச் 2 அன்று முன்மொழிந்தார். மூன்றாம் தேதி ஒப்புதல். அன்றிரவு கையெழுத்தும் முத்திரையும். முத்திரை வைத்தவர் மார்ஷல். தலைமை நீதிபதியான பிறகும் அவர் வெளியுறவுச் செயலராக நீடித்தார். சில ஆணைகள் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. புதிய அதிபரான ஜெஃபர்சன் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றார். அவற்றில் ஒன்று வில்லியம் மார்பரியுடையது.

மார்ச் 18 அன்று மார்ஷல் தன் தம்பி ஜேம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜேம்ஸ் அதே நாள்களில் அதே மாவட்டத்தின் சுற்று நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டவர். அலெக்சாண்ட்ரியாவுக்குரிய சில ஆணைகளைக் கொண்டுபோக எடுத்து, எல்லாவற்றையும் சுமக்க முடியாமல் சிலவற்றைத் திருப்பி வைத்தவர். பழி தன் மேல் வருமோ என்று வருந்தும் மார்ஷல் இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று, கடைசி நேரப் பரபரப்பு. அலுவலக எழுத்தர் வேக்னரையும் அதிபர் தன் சொந்த வேலைக்கு அழைத்துக்கொண்டார். மற்றொன்று, குறிப்பிட்ட காலத்துக்கு அளிக்கப்படும் பதவிக்கான ஆணை கையெழுத்தும் முத்திரையும் விழுந்தவுடனேயே முழுமை பெறுகிறது என்று தான் கருதியது.

இந்த இரண்டாவது காரணத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தன் ஆணையைக் கேட்டு மார்பரி தொடுத்த வழக்கில் 1803 பிப்ரவரி 24 அன்று மார்ஷல் தந்த தீர்ப்பின் முதற்பகுதி இதையேதான் சொல்கிறது: கையெழுத்தும் முத்திரையும் விழுந்ததும் நியமனம் முடிந்துவிட்டது, கையில் கொடுப்பது வெறும் சடங்கு. வழக்கு வரும் முன்பே, தன் தவறுக்குச் சமாதானமாகத் தம்பிக்கு எழுதிய சொற்கள், நீதிமன்றத்தின் சட்டமாக வந்து நின்றன. மார்பரிக்கு இறுதியில் ஆணை கிடைக்கவில்லை. நாடாளுமன்றச் சட்டம் அரசமைப்புக்கு முரணானால் செல்லாது என்ற கோட்பாடே அந்தத் தீர்ப்புக்குப் புகழ் தந்தது. ஆனால் அந்த முத்திரையை வைத்தவரே அந்த முத்திரையின் பொருளைத் தீர்ப்பாக எழுதினார் என்பது கடிதத்தைப் படிக்கும்போது மனத்தைத் தைக்கிறது. இன்றைய எந்த அளவுகோலின்படியும் அவர் அந்த வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

7. குவின்சியிலிருந்து வந்த பதில்

1804இல் ஜெஃபர்சனின் இளைய மகள் இறந்தாள். சிறு பெண்ணாக லண்டனில் தன்னிடம் தங்கியிருந்தவளுக்காக ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் மே 20 அன்று இரங்கல் எழுதினார். ஜூன் 13 அன்று ஜெஃபர்சன் நன்றி சொன்னார். கூடவே, ஆடம்ஸ் செய்தவற்றில் தன்னைத் தனிப்பட்ட முறையில் புண்படுத்தியது அந்தக் கடைசி நியமனங்கள் ஒன்றே என்றும் எழுதினார். தன் கடும் எதிரிகளைத் தன்னோடு வேலை செய்ய விட்டுப் போனார் என்பது மனக்குறை.

துக்கக் கடிதத்துக்குப் பதிலில் நீதிபதி நியமனம் நுழைந்தது. அபிகெயில் விடவில்லை. பதவியை நிரப்புவது அதிபரின் கடமை. மேலும் அந்த நியமனங்கள் நடந்தபோது அடுத்த அதிபர் நீங்கள்தான் என்று உறுதியாகவில்லை என்று ஜூலையில் எழுதினார். அவர் சொல் மார்ஷலைப் பொறுத்தவரை பொருந்துகிறது. மற்றவர்களைப் பொறுத்தவரை பொருந்தவில்லை. கீழவை 36ஆம் சுற்று வாக்கெடுப்பில் ஜெஃபர்சனைத் தேர்ந்தது பிப்ரவரி 17; சுற்று நீதிபதிகளின் பெயர்கள் போகத் தொடங்கியது 18. அபிகெயில் அதற்குள் தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். கணவர் மேல் வைத்த அன்பு நாள்களை அவர் மனத்தில் இடம் மாற்றியிருக்கலாம்.

அவருக்கும் ஒரு மனக்குறை இருந்தது. மகன் ஜான் குவின்சி ஆடம்ஸை முன்பு மாவட்ட நீதிபதி திவால் வழக்கு ஆணையராக வைத்திருந்தார். ஜெஃபர்சன் ஆட்சியில் அந்தப் பதவி போயிற்று. தனக்கு அது தெரியாது என்றார் ஜெஃபர்சன். அக்டோபரில் அபிகெயில் கடிதப் போக்கை நிறுத்தினார். நவம்பர் 19 அன்று ஜான் ஆடம்ஸ் தன் மனைவியின் படிகளைப் படித்துவிட்டு அடியில் குறித்து வைத்தார்: இந்தக் கடிதப் போக்கு முழுவதும் எனக்குத் தெரியாமல் நடந்தது.

8. மொண்டிசெல்லோவிலிருந்து போன சிபாரிசு

ஓய்வுபெற்ற ஜெஃபர்சன் மீது 1810இல் எட்வர்ட் லிவிங்ஸ்டன் ஒரு லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். நியூ ஆர்லியன்ஸ் ஆற்றங்கரை நிலம் ஒன்றிலிருந்து அதிபராக இருந்த ஜெஃபர்சன் தன்னை வெளியேற்றினார் என்பது வழக்கு. அதை வர்ஜீனியாச் சுற்று நீதிமன்றத்தில் கேட்க வேண்டியவர்கள் இருவர்: மார்ஷல், மாவட்ட நீதிபதி சைரஸ் கிரிஃபின்.

அந்த மே மாதம் ஜெஃபர்சன் அதிபர் மேடிசனுக்கு எழுதினார். கிரிஃபின் நெடுநாள் தாங்கமாட்டார். மார்ஷலோடு ஒரே மேடையில் உட்கார்ந்து தன் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ளும் உறுதி ஆளுநர் ஜான் டைலருக்கு உண்டு என்றார். டைலர் தனக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியையும் இணைத்திருந்தார். கிரிஃபின் அப்போது உயிரோடு இருந்தார். டிசம்பரில் அவர் இறந்தார். ஜனவரியில் டைலர் நீதிபதி.

இதனிடையே, 1810 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி குஷிங் இறந்தார். கருவூலச் செயலர் கேலட்டினுக்கு எழுதிய கடிதத்தில், அந்த மரணம் தனக்குக் கடவுள் அனுப்பிய கொடையைப் போன்ற நேரத்தில் வந்தது என்றே ஜெஃபர்சன் சொன்னார். இருபது ஆண்டு முன் வில்சன் தனக்காகக் கேட்கத் தயங்கித் தயங்கி எழுதியதை நினைத்துப் பார்க்கிறேன். இங்கே கேட்பவர் தனக்குப் பதவி கேட்கவில்லை. தன்னை விசாரிக்கப்போகும் நீதிபதியைப் பற்றிக் கேட்கிறார். ஜெஃபர்சனின் அரசியல் சிந்தனையை மதிக்கும் எனக்கு இது எளிதாக எழுத முடிந்த வரி அன்று.

குஷிங் இடத்துக்கு ஜெஃபர்சன் விரும்பியவர் லீவை லிங்கன். மேடிசன் முன்மொழிந்தார், செனட் ஒப்பியது, பார்வை குறைந்துவிட்டது என்று லிங்கன் மறுத்தார். அடுத்து அலெக்சாண்டர் வால்காட். செனட் 9–24 என்று நிராகரித்தது. மூன்றாவது, கேட்கவே கேட்காத ஒருவர்: ரஷ்யாவில் தூதராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ். 1811 பிப்ரவரி 22 அன்று செனட் ஒப்பியது. செய்தி கடல் கடந்து புனித பீட்டர்ஸ்பர்க் சேர்ந்து, குடும்பச் சூழலைக் காட்டி அவர் ஜூனில் எழுதிய மறுப்பு திரும்பி வர மாதங்கள் ஆயின. நான்காவதாக, நவம்பரில், மாசசூசெட்ஸின் ஜோசஃப் ஸ்டோரி. ஜெஃபர்சன் போலிக் குடியரசுக் கட்சிக்காரர் என்று கடிதத்தில் ஒதுக்கிய மனிதர், வயது 32. பிற்பாடு மார்ஷலின் மிக நெருங்கிய துணையானவர் அவரே.

அடுத்த மாதம், 1811 டிசம்பரில், ரிச்மண்டில் லிவிங்ஸ்டனின் வழக்கு வந்தது. நிலம் லூசியானாவில் இருக்கிறது, அந்த நிலத்தின் மீதான அத்துமீறலை வர்ஜீனியா நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று சொல்லி அது தள்ளுபடி செய்யப்பட்டது. டைலரும் மார்ஷலும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.